பூசைக்குப் போன இழைப்புளி

முத்துப்பாண்டி கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருப்பதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும், அது அவனிடம் கிடையாது என்பதுதான் ராமக்காளின் கட்சி. ஆயுத பூஜையன்று அவளுடைய இழைப்புளி உடைந்துவிட்ட செய்தி பழங்காநத்தத்தில் அவள் குடியிருக்கும் தெருவுக்கு வந்து சேர்ந்ததும், “வேணும்னேதான் போட்டு உடைச்சிருப்பான் ஒன் கொழுந்தன்” என்று ஆளாளுக்கு ஏற்றிவிட்டார்கள். அவனுக்காக வாதாடியது ராமக்காள் ஒருத்திதான். “திட்டம் போட்டு ஒரு காரியம் செய்யிற அளவுக்கு அவனுக்குக் கூறு இருந்திருந்தா, நான் என்னைக்கோ அவனக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்” என்றாள்.

ராமக்காளின் பிழைப்பு கதவு இழைப்பது. ஐப்பசி மழை பிடித்தால் மதுரையில் பாதி வீட்டுக் கதவுகள் ஊதிக்கொள்ளும். குளியலறைக் கதவு சாத்த வராது, வாசல் கதவு திறக்க வராது. கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோக எவனும் வரமாட்டான். ராமக்காள் ஸ்கூட்டியில் வருவாள். முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு சாக்குப் பை, பைக்குள் பழைய வேட்டியில் சுற்றிய இரும்பு இழைப்புளி. கதவை நிலையிலேயே வைத்து, எங்கே முட்டுகிறதோ அங்கே மட்டும் சீவிவிட்டுப் போய்விடுவாள். திருநகரிலிருந்து கோச்சடை வரைக்கும் அவளுக்கு வாடிக்கை உண்டு.

அந்த வாடிக்கைக்காரர்கள் மேல் அவளுக்கு எள்ளளவும் மரியாதை கிடையாது. கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தவர்கள், காலால் உதைத்துப் பார்த்தவர்கள், கதவுக்கு ஹேர் டிரையர் பிடித்தவர்கள் என்று சகலரையும் பார்த்திருக்கிறாள். எல்லாம் செய்து முடித்த பிறகுதான் அவளுக்குப் போன் வரும். போனால், வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டு “இங்க கொஞ்சம் எடுங்க, அங்க கொஞ்சம் எடுங்க” என்று விரலை நீட்டுவார். “நீங்களே எடுக்கிறீங்களா சார்?” என்று இழைப்புளியை அவர் கையில் கொடுத்துவிடுவாள். அதன் கனம் தெரிந்ததும் பேச்சு நின்றுவிடும்.

இழைப்புளி அவள் புருஷன் காளை வாங்கியது. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற யாரோ ஒருவரிடம், தச்சுவேலை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சவடால் அடித்து வாங்கி வந்தான். நல்ல பழைய வார்ப்பிரும்பு. கற்றுக்கொண்டானா என்றால், இல்லை. காளைக்கு ஒரு வேலையைத் தொடங்குவதில் இருந்த ருசி அதைத் தொடர்வதில் இருந்ததில்லை. கோழிப்பண்ணை, டிஷ் கனெக்‌ஷன், கேட்டரிங் என்று பல அவதாரம் எடுத்தவன். தச்சு அவதாரத்தில் அவன் செய்து முடித்த ஒரே பொருள் ஒரு முக்காலி, அதுவும் ஆடும். ஒருநாள் பைபாஸ் ரோட்டில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் போய்ச் சேர்ந்தான். அவன் விட்டுப்போனதில் உருப்படியாக இருந்தது இந்த இழைப்புளி ஒன்றுதான், அதுவும் துருப்பிடித்துப் பரணில் கிடந்தது.

அந்த வருஷ மழையில் அவள் வீட்டுக் கதவு சாத்த வரவில்லை. கூப்பிட்ட ஆசாரி நாளைக்கு வாரேன், நாளைக்கு வாரேன் என்று இழுத்தடித்தான். ஆத்திரத்தில் பரணிலிருந்து இழைப்புளியை இறக்கி, தகட்டைத் தீட்டி, தானே இழைத்துவிட்டாள். முதலில் கோணலாகத்தான் வந்தது. மறுநாள் எதிர்வீட்டுக் கதவு, அப்புறம் அதற்கடுத்த வீடு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தப்பாகப் போன கதவுகளின் எண்ணிக்கையை இங்கே எழுதி அவள் மானத்தை வாங்க வேண்டாம்.

இப்போது முத்துப்பாண்டி. காளைக்கு இளையவன், கோச்சடையில் மரப்பட்டறை வைத்திருக்கிறான். பூர்வீகம் உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம். நிலத்தை விற்ற காசில் பெரிய இழைப்பு மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு, வாசலில் தன் போட்டோவோடு பிளக்ஸ் வைத்தால் தொழிலதிபர் ஆகிவிடலாம் என்று நம்பியவன். மரத்தைத் தட்டிப் பார்த்துக் காய்ந்ததா பச்சையா என்று சொல்லத் தெரியாது. ஆனால் பட்டறைக்குள் எந்த நேரத்தில் எந்தக் காலை எடுத்துவைக்க வேண்டும் என்பது அத்துப்படி. ஜோசியரைக் கேட்காமல் ஒரு ஆணி அடிக்கமாட்டான்.

அண்ணன் பெண்டாட்டி வீடு வீடாகப் போய்க் கதவு இழைப்பது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். “நம்ம பட்டறை இருக்கும்போது நீங்க ஏன் மதினி ரோடு ரோடா அலையிறீங்க? வந்து நெழல்ல உக்காந்து உப்புத்தாள் தேச்சுக் குடுங்க” என்று வருஷத்துக்கு ஒரு தரமாவது சொல்லிவிடுவான். அங்கே நாலு பெண்கள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை கட்டில் கால்களை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பதை ராமக்காள் பார்த்திருக்கிறாள். முத்துப்பாண்டியின் மனைவி மீனா நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர்களை மேய்ப்பாள். அந்த ஐந்தாவது இடத்தில் போய் உட்காருவதைவிட கோரிப்பாளையம் சிக்னலில் கர்ச்சீப் விற்கலாம் என்பது ராமக்காளின் எண்ணம். அங்கேயாவது காற்று வரும்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல்நாள் முத்துப்பாண்டி நேரிலேயே வந்துவிட்டான். குடும்பத்துத் தொழில் சாமான்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்து பூஜை வாங்கினால்தான் பட்டறைக்கு விருத்தி என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். “அண்ணன் இழைப்புளியையும் குடுங்க மதினி. எங்க அண்ணன் சாமான் இல்லாம என்ன பூஜை?” என்றான். குரல்கூடக் கொஞ்சம் கம்மியது. காளை இருந்தவரைக்கும் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, நிலத்தகராறு. செத்த பிறகு அண்ணன் மேல் பாசம் பீறிட்டுவிட்டது. நல்ல நாளில் எதற்கு வம்பு என்று ராமக்காள் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அந்தப் புத்திகெட்டதனத்துக்குத் தன்னையும் அவள் சேர்த்துத்தான் திட்டிக்கொண்டாள்.

பூஜை அமர்க்களமாக நடந்ததாம். சாமான்களையெல்லாம் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து மெஷின் மேல் வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். வாடிக்கையாகத் தரையில் மணைப் பலகை போட்டு அதன்மேல்தான் வைப்பார்கள். இந்த வருஷம் வீடியோ எடுப்பவன், தரையில் வைத்தால் படத்தில் எடுப்பாக இல்லை என்று சொல்லியிருக்கிறான். ஆகவே எல்லாம் மெஷின் மேலே. தீபாராதனை காட்டி முடித்ததும், மெஷினை ஒரு நிமிஷம் ஓட்டிவிட்டு நிறுத்துவது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம். முத்துப்பாண்டியும் பயபக்தியோடு கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டான். மேலே சாமான்கள் அடுக்கியிருப்பது கண்ணைத் திறந்து வைத்திருந்தால் தெரிந்திருக்கும். சுத்தியல், உளி, ரம்பம் எல்லாம் குதித்து ஆடின. இழைப்புளிதான் எண்ணெய் பூசி வழுவழுப்பாக இருந்தது. அது நழுவிப்போய் சிமெண்டுத் தரையில் பக்கவாட்டில் விழுந்தது. வீடியோவில் அந்தச் சத்தம்கூடப் பதிவாகியிருக்கிறது, அதற்கு மேல் நாதஸ்வரம் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் அவள் பட்டறைக்குப் போனபோது இழைப்புளியை ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தான் முத்துப்பாண்டி, பொரியும் வாழைப்பழமும் வேறு. வலது பக்கச் சுவரில், தகடு வெளியே எட்டிப் பார்க்கும் வாய்க்குப் பக்கத்தில், அடிப்பாகத்தின் ஓரத்தோடு சேர்ந்து ஒரு முக்கோணச் சில்லு பெயர்ந்து போயிருந்தது. ராமக்காள் பட்டறையில் கிடந்த ஒரு கட்டையில் அதை வைத்துத் தள்ளிப் பார்த்தாள். ஒரு பக்கம் பிடிமானம் இல்லாத இரும்பு நெளிந்துகொடுத்தது. தகடு தாவித் தாவிப் போனது. கட்டையில் படிப்படியாக வரி விழுந்தது.

“இது ஒரு விசயமா மதினி? நம்ம கேட் வெல்டர் இருக்கான். ஆர்க் வச்சு ஒரு இழுப்பு இழுத்தா ஒரு நிமிச வேலை” என்றான் முத்துப்பாண்டி.

ராமக்காள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சின்ன வயதில் அவள் அப்பன் கிணற்று மோட்டாரின் பம்பில் விரிசல் விட்டபோது, ஊரில் ஒருவன் இதே மாதிரி ஒரு நிமிஷ வேலை செய்தான். வெல்டு ஆறுவதற்குள் பக்கத்திலேயே டங்கென்று புது விரிசல் விட்டது. அதற்கு ஒரு வெல்டு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு விரிசல். கடைசியில் பம்பை எடைக்குப் போட்டார்கள். வார்ப்பிரும்பில் அவசரக்காரன் கை வைக்கக்கூடாது என்பது அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இதே முத்துப்பாண்டியின் அப்பன் கிணற்றிலும் இதே கதை நடந்திருக்கிறது, இவன் அப்போதும் கண்ணை மூடிக்கொண்டிருந்திருப்பான்.

“வெல்டிங் இருக்கட்டும். ஒடஞ்ச சில்லு எங்க?” என்றாள்.

முத்துப்பாண்டி கூரையைப் பார்த்தான்.

“பூசணிக்காயோட கூட்டி அள்ளிட்டாங்களா?”

“இல்ல மதினி.”

“பெறகு?”

“பூஜை அன்னைக்கு இரும்பு ஒடையிறது ஆகாதுல்ல. ஜோசியருக்குப் போன் போட்டேன். ஒடஞ்சதப் பட்டறைக்குள்ள வச்சிருக்காத, தொழிலக் காவு வாங்கிரும்னுட்டாரு. அதான் மஞ்சத் துணியில முடிஞ்சு முனியாண்டி கோயில்ல கட்டிட்டேன். நேந்துவிட்டாச்சு.”

ராமக்காளுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. சில்லு இல்லாமல் போனால் இழைப்புளி அவ்வளவுதான். அந்த ஓட்டையை வேறு எதை வைத்து அடைத்தாலும் தாங்காது. கடையில் புதுசு கிடைக்காமலில்லை. முன்பு ஒன்று வாங்கிப் பார்த்திருக்கிறாள். அடிப்பாகம் கோணல், தகடு ரெண்டு கதவுக்கே மழுங்கிப் போகும். இப்போது அது மொட்டைமாடிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கப் பயன்படுகிறது. மழை தொடங்க அதிக நாள் இல்லை. இந்த மழைக்கு அவள் போகாத வீடுகள் வேறு ஆளைத் தேடிக்கொள்ளும். தேடிக்கொண்டால் அடுத்த மழைக்கு அவள் நம்பரைத் தேடமாட்டார்கள். அப்புறம் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மீனாவின் நாற்காலிக்கு முன்னால் உட்கார வேண்டியதுதான். முத்துப்பாண்டி அந்த நேரம் பார்த்து, “வருத்தப்படாதீங்க மதினி, நம்ம பட்டறைதான் இருக்கே” என்றான். அவன் முகத்தில் இருந்தது உண்மையான இரக்கம். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முனியாண்டி கோயில் பட்டறைக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறது. மரத்தைச் சுற்றிக் கம்பிவேலி, வேலி முழுக்க மஞ்சள் முடிச்சுகள். பூசாரி பேயாண்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் கபடி பார்த்துக்கொண்டிருந்தார். ராமக்காள் விஷயத்தைச் சொன்னதும் அவர் கபடியை நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தார்.

“கட்டுனத அவுக்கக்கூடாது தாயி. சாமி குத்தமாயிரும்.”

“கட்டுனவன் அவன் பொருளக் கட்டுனானா? அடுத்தவங்க பொருளத் தூக்கியாந்து நேந்துவிட்டா ஒங்க சாமி ஏத்துக்கிருமா?”

பேயாண்டி யோசித்தார். “அவங்கண்ணன் சாமான்னு சொன்னாரே.”

“அவங்கண்ணன் செத்து எம்புட்டு வருசமாச்சு? அதுல கதவு இழைக்கிறது யாரு, நானா அவங்கண்ணனா?”

“அதெல்லாம் குடும்ப விவகாரம் தாயி.”

“ஒரு சில்லு இரும்ப வச்சிக்கிட்டு முனியாண்டி என்ன கதவு இழைக்கவா போறாரு? அருவாளக் குடுத்தாலும் ஒரு அர்த்தம் இருக்கு.”

பேயாண்டிக்கு அந்த வாதம் பிடித்துப்போனது போலத் தெரிந்தது. ஆனால் பொறுப்பு ஏற்றுக்கொள்கிற ஜாதி இல்லை அவர். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “நான் டீ குடிச்சிட்டு வாரேன். இங்க யாரு வந்தா யாரு போனான்னு எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு, நல்ல பாம்பைக் கண்டவர் போல விறுவிறுவென்று போய்விட்டார். கடவுளுக்கும் மனுஷிக்கும் நடுவில் நிற்கத்தான் அவருக்கு ஊர் சம்பளம் கொடுக்கிறது. இடைஞ்சலான நேரத்தில் டீ குடிக்கப் போய்விடுகிறார்.

ராமக்காள் முடிச்சுகளைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். கல்யாணம் வேண்டிக் கட்டியவை, பிள்ளை வேண்டிக் கட்டியவை, எல்லாம் சில்லறைக் காசாக லேசாக இருந்தன. கனமான முடிச்சு ஒன்று கையில் அகப்பட்டது. அவிழ்த்தால் உள்ளே சில்லு, முழுக்க விபூதி. முனியாண்டியைப் பார்த்து, “ஒனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லப்பா. என் பொருளத்தான் எடுத்துட்டுப் போறேன்” என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

பழங்காநத்தத்தில் கிறிஸ்துராஜ் என்று ஒருவர் கேஸ் வெல்டிங் கடை வைத்திருக்கிறார். பழைய மிஷின் பாகங்களுக்குப் பித்தளைப் பற்று வைப்பதில் கெட்டிக்காரர். அதை ஊரில் எல்லோரையும்விட அவரே அதிகம் சொல்வார். கடைச் சுவரில் அந்தோணியார் படமும், அதற்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிதாக அவர் படமும் இருக்கும். இழைப்புளியையும் சில்லையும் பொருத்திப் பார்த்தவர், “விபூதியெல்லாம் பூசி என்கிட்ட எதுக்குத் தங்கச்சி கொண்டாந்த? ஒங்க சாமி ஒட்டி வைக்கலையா?” என்று கேட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

“எங்க சாமி கபடி பாத்துக்கிட்டு இருக்கு. நீங்க வேலையப் பாருங்க அண்ணே.”

அவர் உடனே வேலையைப் பார்க்கவில்லை. தான் ஒட்டிய டிராக்டர் பாகங்களின் வரலாற்றைச் சொன்னார். மகள் ஆன்மேரி கனடாவில் எந்தெந்த ஊருக்குப் போனாள் என்று சொன்னார். ராமக்காள் நகரவில்லை. “வச்சிட்டுப் போ தங்கச்சி, சாயங்காலம் வா” என்றார். மாட்டேன் என்றாள். “நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டார். “இல்ல அண்ணே. பூஜைக்குன்னு நம்பிக் குடுத்துத்தான் இப்பிடி இருக்கு” என்றாள்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை என்று வந்ததும் வாயை மூடிக்கொண்டார். உடைந்த ஓரங்களைச் சாய்வாக ராவி, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, கரிப்படுக்கையில் இழைப்புளியை முழுசாகப் புதைத்துச் சூடேற்றினார். ஒரு இடம் மட்டும் சூடாகி மற்ற இடம் ஜில்லென்று இருந்தால் விரிசல் விட்டுவிடும். இரும்பு மங்கலாகச் சிவந்த பிறகு, வெண்காரம் தொட்ட பித்தளைக் கம்பியை ஜுவாலையில் காட்டினார். பித்தளை உருகி அந்தக் கோட்டுக்குள் தானாக ஓடி இறங்கியது. அப்புறம் சாம்பல் தொட்டிக்குள் புதைத்து மூடிவிட்டார். “நாளைக்குக் காலையில வரைக்கும் தொறக்கப்படாது. தொறந்தா நான் பொறுப்பில்ல” என்றார். மறுநாள் எடுத்தபோது சில்லு தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது, சுற்றிலும் மஞ்சளாக ஒரு கோடு. அதைப் போவோர் வருவோருக்கெல்லாம் தூக்கிக் காட்டி, “பாத்தியா நம்ம கைவேலைய” என்று அவர் ஆரம்பித்ததும் ராமக்காள் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆனால் சூட்டில் அடிப்பாகம் லேசாக நெளிந்திருந்தது. ஒரு காகிதத் தடிமன்தான். அந்தக் காகிதத் தடிமன் போதும், இழைப்புளி கதவில் ஒழுங்காகப் படியாது. வீட்டில் சமையல் மேடை மேலூர்ப் பக்கத்துக் கிரானைட், மட்டம் பிசகாத கல். அடுப்பை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, எமரித் தாளைக் கல்லின் மேல் ஒட்டி, இழைப்புளியின் அடிப்பாகம் முழுக்கப் பேனாவால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். மேடான இடத்தில் கோடு அழியும், பள்ளத்தில் கோடு அப்படியே நிற்கும். தாளை மாற்றினாள், திரும்பக் கோடு போட்டாள், திரும்பத் தேய்த்தாள். மூன்று வேளையும் கடை இட்லிதான். கை இற்றுப்போனபோதெல்லாம் மூக்கில் துணி கட்டிய அந்த நாலு பேரை நினைத்துக்கொண்டாள். அவர்களும் தேய்க்கிறார்கள், இவளும் தேய்க்கிறாள். ஆனால் இவளுக்கு முன்னால் நாற்காலி போட்டு எவளும் உட்கார்ந்திருக்கவில்லை. கடைசியில் ஒரு கோடு பாக்கியில்லாமல் எல்லாம் ஒரே சீராக அழிந்தது. சமையல் மேடையின் பளபளப்பும் கூடவே போய்விட்டது. தொலையட்டும் என்று அடுப்பைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. போன் அடிக்க ஆரம்பித்தது. முதல் கதவு திருநகரில் ஓய்வுபெற்ற ஒரு ஹெட்மாஸ்டர் வீடு. இழைப்புளியைக் கதவில் வைத்துத் தள்ளினாள். சுருள் அறுபடாமல் வெளியே வந்தது, வரி விழவில்லை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஹெட்மாஸ்டர் “தூசி பட்டுருச்சா?” என்றார். ஆமாம் என்றாள். அவருக்கு அதற்கு மேல் புரியப்போவதில்லை.

பத்துப் பதினைந்து கதவு ஓடியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழையில் மீனாவிடமிருந்து போன். “அக்கா, அவரு பூஜை ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டாருக்கா!”

நடந்தது இதுதான். நேர்ந்துவிட்ட சில்லை மதினி எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து முத்துப்பாண்டிக்குத் தூக்கமில்லை. ஜோசியர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் ஒரு பரிகாரப் பூஜை. பூஜையறைக் கதவு அவன் பட்டறையில் அவனே மேற்பார்வை பார்த்துச் செய்தது. வரிசை வரிசையாகப் பித்தளை மணி தொங்கும், மரம் மட்டும் காயாத பச்சை மரம். மழைக்கு ஊதி முட்டிக்கொண்டிருந்ததை ஆத்திரத்தில் ஓங்கி அடித்துச் சாத்தியிருக்கிறான். சாத்தியது சாத்தியதுதான்.

ராமக்காள் போனபோது பட்டறை ஆட்கள் இரண்டு பேர் கரண்டில் ஓடும் கை மெஷினோடு நின்றுகொண்டிருந்தார்கள். கரண்ட் இல்லை. கடப்பாரையால் நெம்பலாம் என்றால், பூஜையறைக் கதவு உடையக்கூடாது என்று உள்ளேயிருந்து அலறல். அவன் ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் கதவு நகரவில்லை, மணிகள் மட்டும் கலகலவென்று ஒலித்தன. கதவிடுக்கு வழியாகச் சாம்பிராணிப் புகை வந்தது. எதிரில் மழைக்கு ஒதுங்கியவர்கள், உள்ளே ஏதோ விசேஷம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“கொழுந்தனாரே, இழுக்காதீங்க. உள்பக்கமா கைப்பிடியப் பிடிச்சு மேல தூக்குங்க. நான் இடிக்கும்போது விலகிக்கங்க” என்றாள். கீழ் மூலையில் ஒரு ஆப்பைச் சொருகித் தட்டி, தோளைக் கொடுத்து ஒரே இடி. கதவு திறந்தது. முத்துப்பாண்டி விலகவில்லை என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து, புகைக்குள்ளிருந்து வெளியே வந்தான்.

ராமக்காள் அவனை அதற்கு மேல் பார்க்கவில்லை. வேட்டித் துணியைப் பிரித்து இழைப்புளியை எடுத்தாள். மணிகள் ஆடாமல் மீனாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கதவின் ஓரத்தை மேலிருந்து கீழாக இழைக்க ஆரம்பித்தாள். பச்சை மரம் ஈரமாகச் சுருண்டு விழுந்தது. பட்டறை ஆட்கள் மெஷினைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முத்துப்பாண்டியின் கண் இழைப்புளியின் மேல் ஓடிய மஞ்சள் கோட்டில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. அவன் கை தானாகக் குவிந்தது.

“அந்தச் சில்லா மதினி இது? ஒண்ணும் ஆகலையா ஒங்களுக்கு?”

“ஒங்களத்தான் உள்ள வச்சுப் பூட்டிருச்சு. எனக்கு என்ன ஆச்சு?”

அவன் பயம் தெளிந்துவிட்டது. தெளிந்த வேகத்தில் பழைய ஆள் திரும்பிவிட்டான். ஆட்கள் பக்கம் திரும்பி, “எங்க அண்ணன் இழைப்புளிடா இது. ஒடஞ்சும் எப்படி ஓடுது பாத்தீங்களா? என்னா இருந்தாலும் எங்க அண்ணன் சாமான்!” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, பெரிய மனது பண்ணுகிறவனாக, “மதினி, இனி எதுக்கு மழையில அலைச்சல்? அண்ணன் சாமானையும் எடுத்துக்கிட்டு நம்ம பட்டறைக்கே வந்துருங்க. உப்புத்தாள் வேண்டாம். கதவு மாட்டுற எடத்துக்கெல்லாம் ஒங்களத்தான் அனுப்புவேன்” என்றான்.

ராமக்காள் கதவை ஒருதரம் சாத்தித் திறந்தாள். தடங்கலில்லாமல் வந்தது. இழைப்புளியைத் துடைத்தாள், பித்தளைக் கோட்டின் மேல் ஒட்டியிருந்த மரத்தூளை விரலால் தட்டிவிட்டாள்.

“ஒங்க அண்ணன் சாமான் அன்னைக்கு ஒங்க பட்டறையிலயே விழுந்து ஒடஞ்சு போச்சு கொழுந்தனாரே” என்றாள். “இது என்னோடது.”

மணிகளை விட்டுவிட்டு வந்த மீனா, “காப்பி சாப்பிட்டுப் போங்கக்கா” என்றாள். ராமக்காள் நிற்கவில்லை. கோச்சடையில் ஒரு வீட்டில் குளியலறைக் கதவு காலையிலிருந்து சாத்த வராமல் அவளுக்காகக் காத்திருந்தது.